நம்ம ஊர்ச் செடிகளுக்கு ஒரு நாள்: செங்கோட்டை மலையடிவார ஊர்களுக்கான முழுமையான வழிகாட்டி

முதல் வருஷம் 200 மரக்கன்று கொடுத்தோம். பந்தல், ஒலிபெருக்கி, பொன்னாடை எல்லாம் இருந்தது. அடுத்த சித்திரையில் நான்கு பேர் தெருத்தெருவாகப் போய் எண்ணிப் பார்த்தோம். 11 கன்றுதான் உயிரோடு நின்றது. அதிலும் பாதி நாங்கள் கேட்ட புங்கமே இல்லை, பண்ணையிலிருந்து மாறி வந்த ஏதோ வெளிநாட்டு அலங்கார மரம். வெயில் தாங்காமல் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். தண்ணீர் கொடுத்த ஆச்சி கேட்டார்: "மரத்தக் கொண்டாந்து குடுத்தியளே, அது என்ன மரம்னு யாராவது சொன்னியளா?"

யாரும் சொல்லவில்லை. அன்றைக்கே எங்கள் வரிசையை மாற்றிக்கொண்டோம். முதலில் பெயர், அப்புறம்தான் கன்று. ஊரில் ஏற்கெனவே நிற்கிற செடிகளை ஊராரே அடையாளம் சொல்லி, அவற்றைப் பற்றித் தெரிந்ததைப் பிள்ளைகளுக்குக் கைமாற்றும் நாளாக இது இருக்க வேண்டும். நடுவது அதற்குப் பிறகு தானாக வரும். செங்கோட்டை, புளியரை, பண்பொழி, இலஞ்சிப் பக்கத்து ஊர்களையும், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வட்டாரத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். வேறு ஊர்க்காரர்கள் மாதத்தையும் செடிப் பட்டியலையும் மட்டும் தங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

எல்லையைச் சுருக்குங்கள்

மாவட்டத்துக்கே விழா எடுக்க ஆசைப்படாதீர்கள். ஒரு குளம், அதன் கரை, அதிலிருந்து பாயும் வயல் கொஞ்சம், ஒரு கோயில், நான்கு தெரு. நடந்தால் ஒன்றரை மணி நேரத்தில் சுற்றி வரக்கூடிய இடம் போதும். ஐந்தாறு பேர் உள்ள குழு வேண்டும். அதில் ஒருவராவது ஆடு மாடு மேய்ப்பவராகவோ, பனையேறுபவராகவோ, வயல் வேலை செய்யும் பெண்ணாகவோ இருக்க வேண்டும். படித்தவர்கள் மட்டும் கூடிய குழுவுக்குச் செடியின் புத்தகப் பெயர் தெரிந்திருக்கும். அது ஊரில் எந்த வரப்பில் முளைக்கும் என்பது தெரியாது.

எந்த மாதம்?

ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள் என்பதால் அன்றைக்கே வைக்கலாம் என்று எல்லோருக்கும் முதலில் தோன்றும். மலையின் மேற்குப் பக்கத்து ஊர்களுக்கு அது சரியான நாள்தான். அங்கே அப்போது மழை தொடங்கியிருக்கும். நமக்கு அது ஒத்துவராது. ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று சின்னக் கன்றுகளைச் சாய்த்துவிடும். புளியரையில் சாரல் விழுந்துகொண்டே இருக்கும்போது, கிழக்கே கொஞ்ச தூரம் போனால் மண் காய்ந்து கிடக்கும். போதாக்குறைக்குக் குற்றாலச் சீசன் வேறு. வண்டியும் கிடைக்காது, சாலையும் நகராது.

எங்கள் அனுபவத்தில் புரட்டாசி கடைசி ஞாயிறு நல்ல நாள். காற்று அடங்கியிருக்கும், சாரலில் முளைத்த பூண்டுகள் இன்னும் பச்சையாக நிற்கும், பனம்பழம் விழுந்து கிடக்கும். இரண்டு மூன்று வாரத்தில் ஐப்பசி மழை வரும் என்பதால் அன்று நட்டது பிழைத்துக்கொள்ளும். வேலையை ஆனி மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள். மூன்று மாதம் அதிகம் என்று நினைக்க வேண்டாம்.

நோட்டுப் புத்தகம்

இந்த நாளின் உயிர் இதில்தான் இருக்கிறது. நீளமான, கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டு வாங்குங்கள். பக்கத்துக்கு ஒரு செடி. ஊர்ப் பெயர், வேறு பெயர்கள், எங்கே நிற்கிறது, எப்போது பூக்கும் காய்க்கும், என்னத்துக்கு ஆகும், யார் சொன்னது. யார் சொன்னது என்பதை விட்டுவிடாதீர்கள். இரண்டு காரணம் உண்டு. பின்னால் சந்தேகம் வந்தால் திரும்பப் போய்க் கேட்கலாம். தன் பெயர் நோட்டில் ஏறியிருக்கிறது என்று தெரிந்தவர் அன்றைக்குக் கட்டாயம் வருவார், பேரப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருவார்.

யாரிடம் போவது? முதலில் ஆடு மேய்ப்பவரிடம். எந்தச் செடியை ஆடு விரும்பும், எதை மோந்துவிட்டு விலகும் என்று அவருக்குத் தெரிவதுபோல வேறு யாருக்கும் தெரியாது. ஆடாதொடை என்ற பெயரே ஆடு தொடாத இலை என்பதிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். நொச்சியும் எருக்கும்கூட ஆடு ஒதுக்குபவைதான். வேலி ஓரத்தில் காவல் இல்லாமல் என்ன வளர்க்கலாம் என்ற கேள்விக்கான விடை அங்கேயே கிடைத்துவிடும். அப்புறம் பிள்ளை பெற்ற வீட்டுக்கு மருந்து அரைத்துக் கொடுக்கும் ஆச்சி, கீரை பறித்து விற்பவர், பழைய வண்டித் தச்சர். எந்த மரம் சக்கரத்துக்கு, எது நுகத்தடிக்கு என்று தச்சர் சொல்லும்போது பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருக்கும்.

கேட்கும் விதம் முக்கியம். "இது என்ன செடி?" என்று கேட்டால் ஒரு சொல்லில் பதில் வரும். "சின்ன வயசில் இதை வைத்து என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதியது, பனங்காயில் வண்டி செய்தது, இலந்தைப் பழத்துக்காக முள் குத்திக்கொண்டது எல்லாம் வரும்.

மறந்துபோன பெயர்களுக்கு ஊர்ப் பெயர்களும் கோயில்களும் உதவும். ஆலங்குளத்தில் ஆல் இருக்கிறது. இலஞ்சி என்றால் தமிழில் குளம் என்றும் பொருள், மகிழ மரம் என்றும் பொருள். மலையாளத்தில் மகிழ மரத்துக்கு இன்றும் இலஞ்ஞி என்றுதான் பெயர். குற்றாலநாதர் கோயிலின் தலமரம் குறும்பலா. அதற்குத் தனியாகவே ஒரு பதிகம் பாடியிருக்கிறார் திருஞானசம்பந்தர். சங்கரன்கோவிலுக்குப் புன்னைவனம் என்று ஒரு பெயர் உண்டு. உங்கள் ஊர்க் கோயிலின் தலமரம் எது, அது இன்னும் நிற்கிறதா என்பதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

எழுதியதைச் சரிபார்க்க வேண்டும். கைபேசியில் படம் எடுத்தால் செடியின் பெயரைச் சொல்லும் செயலிகள் இருக்கின்றன. அவற்றைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், முடிவாக நம்பாதீர்கள். புல்லையும் பூண்டையும் அடிக்கடி மாற்றிச் சொல்கின்றன. பக்கத்துக் கல்லூரியின் தாவரவியல் ஆசிரியர் ஒருவரை ஒரு நாள் அழைத்து நோட்டோடு நடந்தால் பெரும்பாலான குழப்பம் தீரும். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. தீராத சந்தேகத்தை அங்கே எழுதிக் கேட்கலாம்.

இரண்டு பக்கப் பெயர்கள்

செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரிலும், 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்து, பிறகு தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எல்லைக் கோடு மாறியதில் செடிகளின் பெயர்கள் மட்டும் இரண்டு பக்கமும் தங்கிவிட்டன. அதனால் செடிகளுக்கு வைக்கும் பெயர்ப் பலகைகளில் இரண்டு பெயரையும் எழுதுங்கள். மலையாளப் பெயரையும் தமிழ் எழுத்திலேயே எழுதலாம். கரிசலாங்கண்ணி அங்கே கையோன்னி, அருகம்புல் கறுக, சிறுபீளை செறூள, சரக்கொன்றை கணிக்கொன்ன, வெட்சி தெச்சி, தாழை கைத.

சில இடங்களில் அந்தப் பக்கத்துப் பெயர்தான் நம் பழைய பெயர். முடக்கத்தானை அவர்கள் உழிஞ்ஞ என்கிறார்கள். கோட்டையை முற்றுகையிடும் போருக்கு நாம் வைத்த உழிஞைத் திணையின் பெயர் அது. செங்காந்தளை மேந்தோன்னி என்கிறார்கள். தோன்றி என்ற சங்கச் சொல் அதற்குள் இருக்கிறது. நம் பக்கத்திலோ அதே செடிக்குக் கலப்பைக் கிழங்கு, கண்வலிப்பூ, கார்த்திகைப்பூ என்று மூன்று பெயர். ஒன்று கிழங்கின் வடிவத்தைச் சொல்கிறது, ஒன்று பூக்கும் காலத்தைச் சொல்கிறது. ஒரு பலகையில் இத்தனை பெயரையும் எழுதிப் பாருங்கள், கூட்டம் அங்கேதான் நிற்கும்.

ஆரியங்காவுப் பக்கத்து வீடுகளில் கர்க்கடக மாதத்தில் தசபுஷ்பம் என்று பத்துச் செடிகளைக் கொண்டாடுவார்கள். அது நம் ஆடி மாதம். பத்தும் வயல் வரப்பில் நாம் மிதித்துக்கொண்டு போகும் பூண்டுகள்: அருகு, சிறுபீளை, கரிசலாங்கண்ணி, முடக்கத்தான், முயற்செவி, நிலப்பனை, விஷ்ணுகிராந்தி, பூவாங்குறுந்தல், திருதாளி, முக்குற்றி. அந்தப் பக்கத்து உறவுக்காரப் பெண்கள் யாரையாவது அழைத்து, இந்தப் பத்தையும் தட்டில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பொங்கலுக்குக் காப்புக் கட்டும் பூளையும், அதாவது சிறுபீளையும், அந்தத் தட்டில் இருப்பதைப் பார்த்து நம் பெண்களுக்கு வரும் சந்தோஷம் தனி.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தென்மலையில் இருக்கும் செந்துருணி வனவிலங்குச் சரணாலயத்துக்குப் பெயர் வந்தது செங்குறிஞ்சி என்ற மரத்தால். அது இந்தத் தெற்கு மலைப் பகுதியில் மட்டும் வளரும் மரம். ஒரு மரத்தின் பெயரில் ஒரு காடே இருக்கிறது என்பது ஒரு மணி நேரத்தில் பேருந்தில் போய்ப் பார்க்கக்கூடிய செய்தி.

எது நம் செடி?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும், தயாராக இருங்கள். யாராவது ஒரு பெரியவர், "அப்ப புளியமரம் நம்ம மரம் இல்லையா?" என்று கோபமாகவே கேட்பார். உள்ளதைச் சொல்லிவிடுங்கள். புளி ஆப்பிரிக்காவிலிருந்து வெகு காலத்துக்கு முன்பே வந்தது. புளியங்குடி என்று ஊருக்கே பெயர் வைக்கும் அளவுக்கு நம்மோடு கலந்துவிட்டது, யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. மிளகாய் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆடியில் சுந்தரபாண்டியபுரத்தில் எல்லோரும் நின்று படம் எடுக்கும் சூரியகாந்தியும் அங்கிருந்துதான். இவற்றை யாரும் விரட்டவில்லை.

வந்த இடத்தில் மற்றதை வாழவிடாத செடிதான் சிக்கல். குளத்துக்குள் சீமைக்கருவேலம், மலையடிவாரத்தில் உண்ணிச்செடி, தண்ணீர் மேல் ஆகாயத்தாமரை, கரையில் நெய்வேலிக் காட்டாமணக்கு, தரிசில் பார்த்தீனியம். உண்ணிச்செடியை வெள்ளைக்காரர்கள் அழகுக்காகக் கொண்டுவந்தார்கள். இன்று மலையடியில் புல் முளைக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த ஐந்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஆனால் அன்றைக்கே இயந்திரம் வைத்து வேரோடு பிடுங்கும் வேலையை வைக்காதீர்கள். சீமைக்கருவேலத்தை மேலே வெட்டினால் இரண்டு மடங்காகத் துளிர்க்கும். வேர்க்கட்டையைத் தோண்டி எடுத்து, பிறகு ஒவ்வொரு மழைக்கும் முளைப்பதைப் பிடுங்க வேண்டும். அது இரண்டு வருஷ வேலை.

அனுமதி

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊராட்சித் தலைவருக்கு எழுத்தில் கடிதம். கோயில் வளாகத்துக்கு அதன் நிர்வாகத்திடம், குளக்கரையில் நடுவதற்குக் குளம் யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம், ஒலிபெருக்கி வைத்தால் காவல் நிலையத்தில். ஒதுக்குக் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் கால் வைக்க வேண்டாம். காட்டிலிருந்து ஒரு செடியோ கிழங்கோ விதையோ எடுத்து வரவும் வேண்டாம். கண்காட்சிக்குத்தானே என்று ஈஸ்வரமூலியைக் கொடியோடு பிடுங்கிக்கொண்டு வந்த நல்ல மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கொடி இல்லையென்றால் அழகி வகை வண்ணத்துப்பூச்சிகளில் சிலவற்றுக்கு முட்டையிட இடம் இல்லை.

கடிதம் கொடுக்கும்போதே இன்னொன்றைக் கேளுங்கள். பல்லுயிர்ச் சட்டம் 2002-இல் வந்தது. அதன்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அது மக்கள் பல்லுயிர் பதிவேடு ஒன்றை எழுதி வைக்க வேண்டும். உங்கள் ஊராட்சியின் பதிவேட்டைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். உங்கள் நோட்டின் ஒரு பிரதி அதில் சேர வேண்டியது. ஒரு எச்சரிக்கை: அரிய மூலிகை நிற்கும் சரியான இடத்தைப் பொதுவில் வைக்கும் பிரதியில் எழுதாதீர்கள். மறுநாளே கடப்பாரையோடு ஆள் வரும்.

விதையும் போத்தும்

பண்ணையில் கன்று வாங்குவதைவிட ஊர் மரத்தின் விதையை எடுப்பது நல்லது. ஏமாற வழி இல்லை, காசும் மிச்சம். காலம் மட்டும் தவறக்கூடாது. வேப்பம்பழம், நாவல், இலுப்பை மூன்றும் ஆனி, ஆடியில் விழும். மூன்றையும் சேமித்து வைக்க முடியாது. சதையைக் கழுவி எடுத்த கையோடு ஊன்ற வேண்டும். சில வாரம் விட்டாலே முளைப்பு போய்விடும். சரக்கொன்றை, ஆவாரை, வாகை நேர் மாறு. தோல் கெட்டி, வருஷக்கணக்கில் கிடக்கும். கல்லில் லேசாக உரசி ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, உப்பிய விதையை மட்டும் எடுத்து ஊன்றுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்து பையில் நிரப்பினால் போதும்.

ஆனியில் ஊன்றிய வேம்பு புரட்டாசியில் ஒரு சாண்தான் இருக்கும். அதைக் கொடுக்காதீர்கள். அடுத்த வருஷத்துக்கு வளரட்டும், பள்ளிப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். முதல் வருஷ விழாவில் நடுவதற்கு இரண்டே போதும். ஒன்று பனை. பனம்பழத்தின் கொட்டையை இடத்திலேயே ஊன்ற வேண்டும், முதல் முளை நேராக மண்ணுக்குள் இறங்குவதால் பிடுங்கி நட்டால் சரிவராது. குளக்கரையின் வெளிச்சரிவில் பத்தடிக்கு ஒன்று, ஒரு சாண் ஆழம். முள்ளும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். காய்க்கப் பதினைந்து வருஷத்துக்கு மேலும் ஆகலாம் என்பதை ஊன்றும் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். இன்னொன்று போத்து. பூவரசு, ஆல், அத்தி, கிளுவை எல்லாம் கிளையை வெட்டி நட்டாலே துளிர்க்கும். கை மணிக்கட்டு கனத்தில் ஆறடிப் போத்து வைத்தால் ஆட்டுக்கு எட்டாது.

அந்த நாள்

காலை ஆறரைக்குத் தொடங்குங்கள், எட்டரைக்கு மேல் வெயில் பிள்ளைகளை வாட்டும். நடக்கப் போகிறவர்களைக் குழுக்களாகப் பிரியுங்கள். குழுவுக்குப் பதினைந்து பேர், அதற்கு மேல் போனால் பின்னால் நிற்பவருக்குக் கேட்காது. ஒரு குழு குளக்கரை, ஒன்று வயல் வரப்பு, ஒன்று தெருவும் கோயிலும். ஒவ்வொரு குழுவுக்கும் வழிகாட்டி நோட்டில் பெயர் ஏறிய ஒரு பெரியவர். படித்த இளைஞர் பக்கத்தில் நின்று எழுதட்டும், பேச வேண்டாம். இதில் கண்டிப்பாக இருங்கள். ஆசிரியர்களுக்கும் அதிகாரிகளுக்கும் வேறு மேடைகள் இருக்கின்றன. தன் ஊர்ப் பிள்ளைகள் சுற்றி நிற்க, தும்பையைக் கையில் எடுத்து ஒரு பாட்டையா பேச வேறு மேடை இல்லை.

நடக்கும்போது ஒரே விதி: எதையும் வாயில் வைக்கக்கூடாது. செங்காந்தள் கிழங்கு உயிரை எடுக்கும். குன்றிமணியைக் கடித்து உடைத்தால் விஷம். அரளி, ஊமத்தை தெரிந்ததே. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கண் கெடும். இதைப் புறப்படும் முன்பே ஒவ்வொரு குழுவிலும் உரக்கச் சொல்லுங்கள். முதலுதவிப் பெட்டியும் ஒரு வண்டியும் தயாராக இருக்கட்டும்.

திரும்பி வந்ததும் சாப்பாடு. முடக்கத்தான் தோசை, பிரண்டைத் துவையல், வல்லாரைத் துவையல், தூதுவளை ரசம், மணத்தக்காளி வற்றல் போட்ட குழம்பு, கருப்பட்டிக் காப்பி. வெளியே சமையல்காரர் வைக்க வேண்டாம். வீட்டுக்கு ஒரு பண்டம் என்று பிரித்துக் கொடுத்தால் வாசனையோடு பெருமையும் வரும். பிரண்டை நறுக்குபவர் கையில் எண்ணெய் தடவிக்கொள்ளட்டும், அரிக்கும்.

பிள்ளைகளுக்குத் தனி இடம் ஒதுக்குங்கள். எருக்குச் செடி ஒன்றைச் சுற்றி உட்காரவைத்து, வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழுவைத் தேடச் சொல்லலாம். இலைக்கு அடியில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டையோடு இருக்கும். தமிழ்நாட்டுக்கென்று ஒரு வண்ணத்துப்பூச்சி உண்டு, அதன் பெயர் தமிழ் மறவன், 2019-இல் அறிவித்தார்கள். கேரளத்துக்கு மாநிலப் பூ கொன்றை, நமக்குச் செங்காந்தள், நம் மாநில மரம் பனை. இதையெல்லாம் பாடமாக நடத்தாமல் பல்லாங்குழி ஆட்டத்துக்கு நடுவே சொல்லுங்கள்.

பேச்சு வேண்டுமென்றால் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம். பதினொன்றரைக்குப் பனை ஊன்றல். அதோடு முடித்துவிடுங்கள்.

அடுத்த சித்திரை வரை

மறுநாளே பலகைகளைப் பாருங்கள். தகரப் பலகையை மரத்தில் ஆணி அடித்து மாட்டாதீர்கள், கழுத்தில் தளர்வாகக் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். வருஷம் ஒருமுறை கயிற்றை மாற்ற வேண்டும், இல்லையென்றால் பட்டைக்குள் இறங்கிவிடும். நட்ட போத்து ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் பொறுப்பு. அந்த வீட்டின் பெயரும் நோட்டில் ஏறட்டும். மாசிக்குப் பிறகு துளிர்த்த போத்துக்குப் பக்கத்தில் அடியில் துளையிட்ட மண்பானையைப் புதைத்து, துளையில் துணித் திரி செருகி, வாரம் இருமுறை நிரப்பினால் கோடை தாங்கும்.

சித்திரையில் எண்ணிப் பாருங்கள். செத்ததையும் எழுதுங்கள், ஏன் செத்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். எங்களுக்கு இரண்டாம் வருஷம் வைத்த 40 போத்தில் 27 துளிர்த்தது. பனை மூன்று மாதத்தில் மண்ணுக்கு மேலே எதையும் காட்டாது, பிள்ளைகள் தோண்டிப் பார்க்காமல் தடுப்பதுதான் பெரும்பாடு.

நோட்டை வீட்டு அலமாரியில் பூட்டாதீர்கள். எங்களுடையது குளக்கரைத் தேநீர்க் கடையில் ஒரு ஆணியில் தொங்குகிறது, கூடவே கயிற்றில் கட்டிய பேனா. போன வாரம் பார்த்தபோது 112-ஆம் பக்கத்தில் யாரோ புதிதாக ஒரு செடியின் பெயரை எழுதி, யார் சொன்னது என்ற இடத்தில் "எங்க அம்மா" என்று மட்டும் போட்டிருந்தார்கள்.